ஆறாம் மேசைத் தட்டு

பிரியந்தி ஆங்கில ஆசிரியை ஆனதை அவளுடைய சொந்தக்காரர் சிலர் இன்னமும் முழுதாக நம்பவில்லை. பத்து வயதில் யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து தாய் தகப்பனோடு மொன்றியலில் வந்து இறங்கியபோது அவளுக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது தன் பெயரை எழுத மட்டும்தான். இந்த மாகாணத்தில் அகதிப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும். கணிதம், சரித்திரம், விஞ்ஞானம் எல்லாம் பிரெஞ்சிலே படித்தாள். ஆங்கிலம் கிழமைக்கு மூன்று பாடவேளை. மிச்சத்தைத் தொலைக்காட்சியில் பிடித்துக்கொண்டாள்.

அவள் எப்படிச் சோதனைகளில் பாஸ் பண்ணினாள் என்றால், பாடமாக்கித்தான். பக்கம் பக்கமாகப் பாடமாக்குவாள். விளங்கினாலும் சரி, விளங்காவிட்டாலும் சரி, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். தகப்பன் பத்திநாதர் வேலையால் வந்து கதிரையில் சாய்ந்தபடி கொப்பியைப் பிடித்துக்கொண்டு சரி பார்ப்பார். ஒரு சொல் தவறினாலும் திரும்ப முதலிலிருந்து. அந்த வீட்டில் படிப்பென்றால் அதுதான்.

பல்கலைக்கழகத்தில் அது செல்லவில்லை. முதல் வருடம் அவள் எழுதிக் கொடுத்த முதலாவது கட்டுரை நூற்றுக்கு நாற்பத்தொரு புள்ளியோடு திரும்பி வந்தது. ஓரத்தில் விரிவுரையாளர் பென்சிலால் எழுதியிருந்தார்: இதில் மற்றவர்கள் சொன்னது எல்லாம் இருக்கிறது, நீ எதைக் கண்டாய்? அந்த வருடம் இரண்டு பாடத்தில் தோற்றாள். பிறகு நூலகத்துக் கீழ்த்தளத்தில் நடந்த ஒரு சின்ன வகுப்பில் போய் இருந்து, எப்படிப் படிப்பது என்பதைப் பத்தொன்பது வயதில் முதலிலிருந்து பழகினாள். புத்தகத்தை மூடிவிட்டு என்ன நினைவிருக்கிறது என்று எழுதிப் பார்ப்பது. ஒரே மூச்சில் ஐந்து மணித்தியாலம் இருக்காமல் ஐந்து நாளைக்குப் பிரித்துக்கொள்வது. வாசித்த பகுதிக்குத் தானே கேள்வி எழுதுவது. இவ்வளவுதான். ஆனால் இதை முந்தியே ஒருவர் சொல்லித் தந்திருந்தால் என்று அவள் கனகாலம் மனம் வெதும்பியிருக்கிறாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. நோத்ர-டாம்-த-கிரேஸில் வளர்ந்தோருக்கான ஒரு கல்வி நிலையத்தில் உயர்தரப் பள்ளி ஆங்கிலம் படிப்பிக்கிறாள். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர்கள், வேறு நாட்டில் படித்த படிப்பு இங்கே செல்லாதவர்கள், பத்தொன்பது வயதுப் பெடியள் தொடக்கம் அறுபது வயது ஆட்கள் வரை அங்கே வருவார்கள். அவள் வசிப்பதும் அதே பகுதியில் ஒரு அப்பார்ட்மென்டில், தனியாக. கலியாணம் ஒன்று நடந்து நாலு வருடத்தில் முடிந்துபோனது. பத்திநாதர் செத்து ஆறு வருடம். தாய் சிசிலி பியர்பொன்ட்ஸில் அவர்கள் வாங்கிய வரிசை வீட்டில் தனியாக இருக்கிறா. ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் பிறகு பிரியந்தி அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாள்.

அந்த வருடம் செப்டம்பரில் அவளுடைய காலை வகுப்புக்குப் பத்தொன்பது பேர் வந்தார்கள். அதில் ஒருவர் அருள்நேசன். ஐம்பத்தொரு வயது, திருகோணமலை ஆள், வகுப்பில் இன்னுமொரு தமிழர் கிடையாது. பியர்பொன்ட்ஸில் முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் பாத்திரம் கழுவுகிற வேலை. பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கும். தொழிற்பயிற்சி நிலையத்தில் சமையல் படித்துச் சமையற்காரனாக வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதற்கு அவருக்கு இன்னும் தேவைப்பட்டது ஒரேயொரு பாடம், ஆங்கிலம்.

மூன்றாம் கிழமை பிரியந்தி வகுப்பிலே வைத்து ஒரு எழுத்துவேலை கொடுத்தாள். நன்றாகத் தெரிந்த ஒரு இடத்தைப் பற்றி ஒரு பக்கம். எல்லாரும் பேனையைக் கடித்துக்கொண்டிருக்க, அருள்நேசன் இருபது நிமிடத்தில் எழுதி முடித்து முதல் ஆளாகக் கொண்டுவந்து தந்தார். தலைப்பு, கனடாவில் இலையுதிர்காலம். பொன்னிற இலைகள் காற்றில் நடனமாடின, இயற்கை அன்னை தன் தூரிகையால் மலைகளுக்கு வர்ணம் தீட்டினாள் என்று போனது. ஒரு எழுத்துப்பிழை இல்லை.

பிரியந்திக்கு அந்தப் பக்கத்தைத் தெரியும். இதே கட்டுரையை முந்திய வருடங்களில் மூன்று பேர் அவளிடம் தந்திருக்கிறார்கள். ஒருவருடைய கையிலிருந்து ஒருவர் போட்டோக்கொப்பி எடுத்து எடுத்து ஊரெல்லாம் சுற்றுகிற கட்டுரை. இளம் பெடியள் இப்போது கைபேசியிடம் கேட்டு எழுதுவிக்கிறார்கள், அதையும் அவள் பிடிப்பாள். ஆனால் இப்படி ஒரு ஆள் மனதில் சுமந்துகொண்டு வந்து இறக்கி வைப்பது குறைவு.

வகுப்பு முடிந்ததும் கோப்பி மெசினடியில் அவரைக் கூப்பிட்டாள். வகுப்புக்கு வெளியே அவர்கள் தமிழில் கதைப்பார்கள்.

"அண்ணை, இது நீங்கள் எழுதினதோ?"

"ஓம் ரீச்சர். உங்களுக்கு முன்னாலதானே எழுதினனான்."

"எழுதினது நீங்கள். யோசிச்சது?"

அருள்நேசன் கீழே பார்த்தார். பிறகு, "ஒரு பிழையும் இல்லையே ரீச்சர்," என்றார். "நாலு மாசம் பாடமாக்கினனான். வேலைக்குப் போற பஸ்ஸில, வாற பஸ்ஸில. என்ர மனுசி கொப்பியைப் பிடிச்சுக்கொண்டு சரி பாத்தவ."

ஏசத்தான் அவள் கூப்பிட்டாள். அந்த நாலு மாசம் அவளை நிற்பாட்டியது. கதிரையில் சாய்ந்தபடி கொப்பி பிடித்த தகப்பனை நினைத்தாள். "சரி அண்ணை," என்றாள். "இதுக்கு நான் புள்ளி போடேல்ல, கழிக்கவும் இல்ல. உங்களுக்கு நல்ல ஞாபகசக்தி இருக்கு. ஆனா சோதினையில வேற தலைப்பு வந்தா என்ன செய்வியள்?"

"அதுக்குத்தான் இன்னும் அஞ்சு கட்டுரை வைச்சிருக்கிறன்," என்றார் அவர் மெல்ல. பையைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு தாளும் மேலிருந்து கீழ்வரை மஞ்சள் நிறம் அடித்திருந்தது. முக்கியமான வரிக்கு நிறம் அடிக்கச் சொன்னார்களாம். அவருக்கு எல்லா வரியும் முக்கியம்.

அடுத்த நாள் பிரியந்தி ஒரு பை உருளைக்கிழங்கோடு வகுப்புக்கு வந்தாள். ஆளுக்கு ஒரு கிழங்கு. பதினைந்து நிமிடம் அதைப் பார்த்து எழுதவேண்டும், பிறகு கிழங்குகளை மேசையில் குவித்துக் கலக்கிவிடுவாள். எழுதிய தாளை இன்னொருவரிடம் கொடுக்க, அந்த ஆள் அதை வாசித்து அந்தக் கிழங்கைக் கண்டுபிடிக்கவேண்டும். பத்தொன்பது பேரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்துச் சிரித்து எழுதினார்கள். ஒரு பக்கம் நசிந்திருக்கிறது, மண்வெட்டி பட்ட தழும்பு சின்னவிரல் நகத்தளவு, மூன்று முளைக்கண் ஒரே வரிசையில் என்று எழுதியவர்களின் கிழங்குகள் உடனே அகப்பட்டன. அருள்நேசனின் தாள் ஒரு ஹெயிட்டிப் பெண்ணிடம் போனது. அவள் எழும்பி நின்று வாசித்தாள். இது ஒரு அழகான கிழங்கு. கிழங்கு ஆண்டவனுடைய கொடை. மனிதருக்கு மிகவும் பயனுள்ளது.

அவள் பத்தொன்பது கிழங்கையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஆண்டவனுடைய கொடைதானே, இதில எதை எடுக்கிறது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அருள்நேசனும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது.

அன்றைக்குப் பிரியந்தி ஒரு சட்டம் போட்டாள். ஒரு மாதத்துக்கு இந்த வகுப்பில் அழகு, நல்லது, சோகம், மகிழ்ச்சி என்ற சொற்களை ஒருவரும் எழுதக்கூடாது. கண்டது, கேட்டது, மணந்தது, தொட்டது மட்டும்.

அருள்நேசனுக்கு வேறாகவும் ஒன்று சொன்னாள். அவர் வகுப்பு முடிந்து மெற்றோவில் கோட்-வெர்த்து வரைக்கும் போய், அங்கிருந்து 470ஆம் பஸ்ஸில் வேலைக்குப் போவார். அந்தப் பஸ்ஸில் தாளைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டாம் என்றாள். பத்து நிமிடம் வாசியுங்கோ. பைக்குள்ள வையுங்கோ. பிறகு ஒரு சின்ன அட்டையில, பாராமல், நினைவில நிக்கிறதை எழுதுங்கோ. எது வரேல்லையோ அதை மட்டும் திரும்பப் பாருங்கோ. நாளைக்கு ஒருக்கா, மூன்று நாளில ஒருக்கா.

"இது கஷ்டமாயிருக்கு ரீச்சர்," என்றார் அவர் ஒரு கிழமை கழித்து. "வாசிக்கேக்க எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கு. மூடினா ஒண்டும் இல்ல."

"மூடினாப் பிறகு இருக்கிறதுதான் அண்ணை உங்கட."

ஒக்டோபர் நடுவில் நீண்ட வேலை ஒன்று கொடுத்தாள். ஒவ்வொரு நாளும் காண்கிற ஏதாவது ஒன்றைத் தெரிந்தெடுத்து, ஐந்து நாள் தொடர்ந்து பார்த்து எழுதவேண்டும். ஐந்து நாளும் அதே ஒன்று. ஒருத்தி தன் வீட்டு யன்னலுக்கு எதிரே இருந்த மரத்தை எடுத்தாள். ஒரு பெடியன் சந்தியில் இருந்த டெப்பனர் என்கிற சின்னப் பலசரக்குக் கடையின் வாசலை எடுத்தான். அருள்நேசனுக்கு ஒன்றும் அகப்படவில்லை. "நான் நாள் முழுக்கக் காணுறது ஊத்தைத் தட்டுத்தான்," என்றார்.

"அப்ப அதைப் பாருங்கோ," என்றாள் பிரியந்தி. அதற்கு மேல் அவள் அதை யோசிக்கவில்லை.

அவர் வேலை செய்த இல்லத்தில் சாப்பாடு தட்டத்தில் வைத்து மேசைக்குப் போகும். ஒவ்வொரு தட்டத்திலும் ஒரு காகிதத் துண்டு, அதில் பெயரும் மேசை இலக்கமும். முடிந்ததும் அதே துண்டோடு கழுவுகிற அறைக்குத் திரும்பி வரும். எட்டு வருடமாக அந்தத் துண்டுகளை அவர் வாசிக்காமலே குப்பையில் போட்டிருக்கிறார். இப்போது வாசிக்கத் தொடங்கினார். யார் எதை மிச்சம் விடுகிறார்கள், யார் தட்டை வழித்துச் சாப்பிடுகிறார்கள், யார் பாண் துண்டை நாப்கினில் சுற்றி அறைக்குக் கொண்டுபோகிறார்கள் என்றெல்லாம் தெரிய வந்தது. மூன்றாம் நாள் ஒரு தட்டில் அவர் கண் நின்றது. ஆறாம் மேசை, மிஸஸ் ஹாலண்ட். எண்பத்தாறு வயது. பாரிசவாதம் வந்த பிறகு கதை குறைவு, எதைக் கேட்டாலும் சிரித்து, நான் நல்லாயிருக்கிறேன் என்று மட்டும் சொல்லுகிற மனுசி.

அந்த ஐந்து நாளை அருள்நேசன் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தார். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

திங்கள். கோழி எட்டுத் துண்டாக வெட்டி அனுப்பப்பட்டது. எட்டும் திரும்பி வந்தது. கிழங்கு மசியல் முடிந்திருந்தது. பாணின் நடுப்பகுதி இல்லை, கரை இருந்தது.

செவ்வாய். கரட் துண்டு நாலு நாப்கினுக்குள். அவற்றில் பல் பட்ட அடையாளம் ஒரு பக்கம் மட்டும். சூப் முடிந்திருந்தது.

புதன். ஐஸ்கிறீம் தொடப்படாமல் உருகியிருந்தது. அந்த மேசையில் மற்ற மூன்று பேரும் சாப்பிட்டிருந்தார்கள். தேநீர் முழுதாக, ஆறி இருந்தது.

வியாழன். மீன் பாதி. நாப்கினில் சின்ன நகத்தளவு இரத்தம், வெளிர் சிவப்பு.

வெள்ளி. சூப் மட்டும். கரண்டி தட்டின் இடது பக்கம் இருந்தது. திங்கள் வலது பக்கம் இருந்தது.

பிரியந்தி அந்தப் பக்கத்தை ஆசிரியர் அறையில் நின்றபடி வாசித்தாள். இரண்டாம் தரம் வாசிக்கும்போது இருந்துவிட்டாள். இலக்கணப் பிழை பதினொன்று இருந்தது. ஒன்றையும் அவள் திருத்தவில்லை.

அருள்நேசன் வகுப்பு முடிந்து காத்துக்கொண்டு நின்றார். "ரீச்சர், அந்த மனுசிக்கு வாயில ஏதோ நோ. எனக்கு நிச்சயம். நான் குசினி மேற்பார்வையாளரிட்ட சொன்னனான். பசியில்லை எண்டு பதிஞ்சிருக்காம், மனச்சோர்வாம், அதுக்கு மருந்து குடுக்கினமாம். பாத்திரம் கழுவுறவனுக்கு ஏன் இந்த வேலை எண்ட மாதிரிப் பாத்தார்."

"தாதியிட்ட சொன்னனீங்களோ?"

"என்ர இங்கிலீசில நிண்டு கதைச்சா எனக்கே என்ன சொல்லுறன் எண்டு தெரியாது. அதான் எழுதிக் குடுக்கலாமோ எண்டு கேக்கிறன்." கோட்டுப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். அதில் ஐந்து நாளும் இருந்தது. கடைசியில் இன்னும் இரண்டு வரி சேர்த்திருந்தார். இந்த மனுசி வேதனைப்படுகிறா. இங்கே ஒருவரும் அவவைக் கவனிப்பதில்லை.

பிரியந்தி தயங்கினாள். வேலை போனால் என்ன செய்வார் என்பது ஒரு யோசனை. ஒரு வகுப்பு வேலைக்காகத் தொடங்கினது இப்படி வந்து நிற்கிறதே என்பது இன்னொன்று. கடைசியில், "இந்த ரெண்டு வரியையும் எடுத்துவிடுங்கோ அண்ணை," என்றாள்.

"ஏன்? அது உண்மைதானே."

"உண்மையாய் இருக்கலாம். ஆனா அது நீங்கள் கண்டது இல்ல, முடிவு கட்டினது. இதை வாசிக்கிற ஆள் அந்தக் கடைசி வரியோட சண்டை பிடிக்கத் தொடங்கிவிடும். கரட் துண்டோட சண்டை பிடிக்க ஏலாது."

அருள்நேசன் அந்த இரண்டு வரியிலும் விரலை வைத்தார். "கவனிக்கேல்ல எண்டு ஒருத்தர் சொல்லத்தானே வேணும், ரீச்சர்," என்றார். அவர் மேசையில் தாளை வைத்து, அந்த இரண்டு வரிக்கும் மேலே நேராகக் கிழித்தெடுத்து, துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த வரிகளை எடுக்கச் சொன்னது சரியா என்பது பற்றிப் பிரியந்திக்கு இன்றைக்கும் முழு நிச்சயம் இல்லை.

தாள் தாதியின் மேசைக்குப் போனது. இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் ஜோஸ்லின் என்ற தலைமைத் தாதி கழுவுகிற அறை வாசலில் வந்து நின்று, இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலால், "இதை எழுதியது யார்?" என்று கேட்டா. அருள்நேசன் கையுறையோடு கையை உயர்த்தினார். அவ அவரை ஒருக்கா பார்த்துவிட்டுத் திரும்பிப் போனா. அவருக்கு வேலை போய்விட்டது என்றே பட்டது. அன்றிரவு வீட்டில் மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை.

அடுத்த கிழமை பல் வைத்தியர் வந்தார். வலது பக்கக் கடைவாயில் ஒரு பல் வேரோடு உடைந்து, பல்லைச் சுற்றிய முரசுத் தசை சீழ் பிடித்திருந்தது. பாரிசவாதத்தால் அந்த மனுசிக்கு எங்கே நோகிறது என்று சொல்லத் தெரியவில்லை. பல்லை எடுத்துப் பன்னிரண்டாம் நாள், ஆறாம் மேசைத் தட்டு கோழியில்லாமல் திரும்பி வந்தது. அருள்நேசன் அந்தத் தட்டை இயந்திரத்தில் போடாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம். மேற்பார்வையாளர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஜோஸ்லின் மட்டும் பிறகு ஒருநாள் சுவரில் ஒரு வெற்றுத்தாளைக் கொளுவி, பக்கத்தில் ஒரு பேனையும் கட்டிவிட்டுப் போனா. ஏதாவது கண்டால் எழுது என்றா.

இதை அவர் வகுப்பில் எழும்பி நின்று, நின்று நின்று, தன் ஆங்கிலத்தில் சொன்னார். கிழங்கைக் கண்டுபிடிக்காமல் விட்ட ஹெயிட்டிப் பெண் முதலில் கை தட்டினாள். பிரியந்தியும் தட்டினாள். ஆனால் அன்று முழுக்க அவளுக்கு ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எதைக் கேட்டாலும் சிரித்து, நல்லாயிருக்கிறேன் என்று சொல்லுகிற மனுசி.

அந்த ஞாயிறு பியர்பொன்ட்ஸுக்குப் போனபோது அவள் உடனே மேசையில் போய் இருக்கவில்லை. குசினி வாசலில் நின்றாள். தாய் சிசிலி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றா. வகுப்புக்குக் கொடுக்கிற வேலையைத் தானே செய்வது மாதிரி அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உப்புப் போத்தலில் ஒரு றப்பர் வளையம், சீனிப் போத்தலில் இரண்டு. அடுப்புத் திருகில் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு தடித்த கோடு. சுவரில் கோயில் கலண்டர், நவம்பரிலும் ஓகஸ்ட் மாதமே கிடந்தது. தாய் தேநீரை ஊற்றும்போது கோப்பை விளிம்புக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டு ஊற்றினா. தேநீர் விரலில் பட்டதும் நிறுத்தினா.

இது ஒன்றும் புதிது இல்லை. எல்லாம் அவள் ஞாயிறுதோறும் கண்டதுதான். சிவப்புக் கோட்டை அவள் கண்டு, அம்மாவுக்கு இந்த வயதில் நகப்பூச்சு என்ன என்று பகிடியும் பண்ணியிருக்கிறாள்.

"அம்மா, அந்தக் கலண்டரில என்ன மாசம் போட்டிருக்கு?"

"உனக்கு வகுப்பெடுக்க வேற ஆள் கிடைக்கேல்லையோ?" என்றா சிசிலி திரும்பாமல்.

"சொல்லுங்கோவன்."

சிசிலி கேத்தலை வைத்தா. சரியான இடத்தில் வைக்க இரண்டு தரம் தடவினா. "கண்ணைப் புகார் மூடின மாதிரி இருக்குது பிள்ளை," என்றா. "வெளிச்சத்தைப் பாத்தா இன்னும் மோசம்."

"எவ்வளவு காலமாய்?"

"அப்பா செத்த அடுத்த வருசம் துவங்கினது. இப்பதான் கூட."

"ஏனம்மா என்னட்டச் சொல்லேல்ல?" அவளையறியாமல் குரல் உயர்ந்துவிட்டது.

சிசிலி கதிரையைத் தேடி இருந்தா. கோபமில்லாமல்தான் சொன்னா. "நீ ஒவ்வொரு ஞாயிறும் வந்து, எப்பிடி அம்மா இருக்கிறியள் எண்டு கேப்பாய். நான் நல்லாயிருக்கிறன் எண்டுவன். நீ தலையாட்டிப்போட்டு ஃபோனை எடுப்பாய். உனக்கும் வேலை. நானும் பேந்து சொல்லுவம் எண்டு விட்டிட்டன்."

பிரியந்தி அழவில்லை. அழுதிருந்தால் தாய் அவளைத் தேற்றத் தொடங்கியிருப்பா, கதை அங்கேயே முடிந்திருக்கும். பையிலிருந்து கொப்பியை எடுத்தாள். எந்தக் கண்ணில் கூட, எந்த நேரத்தில் கூட, படியிறங்க எப்படி, மருந்துப் போத்தலை எப்படிக் கண்டுபிடிக்கிறியள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். மருந்துப் போத்தலைக் குலுக்கி, குளிசையின் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறாவாம். அதை எழுதும்போது மட்டும் பேனை ஒருக்கா நின்றது. இரண்டு மணித்தியாலத்தில் மூன்று பக்கம். கறி ஆறிப்போனது.

கண் வைத்தியரிடம் அந்த மூன்று பக்கத்தையும் கொண்டுபோனாள். இரண்டு கண்ணிலும் வெண்படலம். முற்றிவிட்டது, ஆனால் எடுக்கலாம் என்றார்கள். சத்திரசிகிச்சைக்கு வரிசையில் பெயர் பதிந்தார்கள். அதுவரைக்கும் பிரியந்தி புதன்கிழமையும் பின்னேரம் பியர்பொன்ட்ஸுக்குப் போகத் தொடங்கினாள். போகும்போது ஃபோனைக் கோட்டுப் பைக்குள்ளேயே விட்டுவிடுவாள்.

டிசம்பரில் சோதனை நடந்தது. அருள்நேசன் தோற்றார். ஐம்பத்திநாலு புள்ளி, பாஸ் பண்ண அறுபது வேண்டும். விவரித்து எழுதும் பகுதியில் தான் வேலை செய்கிற கழுவுகிற அறையைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தார். நீராவியும் சவர்க்கார மணமும் ஈரச் சப்பாத்தும் தட்டுகள் மோதுகிற சத்தமுமாக, அந்த நிலையத்தில் அந்த வருடம் எழுதப்பட்டவற்றில் அதுதான் சிறந்தது என்று தாள் திருத்திய மற்ற ஆசிரியரும் சொன்னார். ஆனால் அதிலேயே நேரம் முழுக்கப் போய், வாசித்து விளங்கும் பகுதியில் பாதிக் கேள்வியை அவர் தொடவேயில்லை.

"என்னட்ட சொல்ல இவ்வளவு இருக்கெண்டு எனக்குத் தெரியாது, ரீச்சர்," என்றார். தோற்ற ஆளின் முகமாக அது இருக்கவில்லை. பிரியந்திதான் வெட்கப்பட்டாள். பார்க்கப் பழக்கினவள் நேரம் பிரிக்கப் பழக்கவில்லை. சனவரி முழுக்க ஒவ்வொரு காலையும் வகுப்புக்கு அரை மணித்தியாலம் முந்தி இருவரும் வந்தார்கள். மேசையில் ஒரு குசினி மணிக்கூட்டை வைத்து, பத்து நிமிடம் குறிப்பு, முப்பத்தைந்து நிமிடம் எழுத்து, மணி அடித்ததும் வசனம் பாதியில் நின்றாலும் பேனையை வைக்கவேண்டும். முதல் கிழமை அவருக்குப் பெரிய அந்தரம். "அரைவாசியில விட மனம் வருகுதில்ல," என்பார். மூன்றாம் கிழமை மணி அடிக்க முன்னரே பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். பெப்ரவரியில் திரும்ப எழுதினார். அறுபத்தெட்டு.

அந்த வருடம் ஆவணியில் அவர் சமையல் பயிற்சிக்குச் சேர்ந்தார். இல்லத்து வேலையைச் சனி ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டார். மிஸஸ் ஹாலண்ட் அந்தக் கோடையில் நித்திரையிலேயே காலமாகிவிட்டா என்று பிரியந்திக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். கடைசி மாதங்களில் நன்றாகச் சாப்பிட்டா என்று ஒரு வரி. கீழே, ஒவ்வொரு தட்டமும் பார்த்தேன் என்று இன்னொன்று.

சிசிலிக்கு அதற்கு முந்தியே, ஏப்ரலில், வலது கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது. அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. அடுத்த நாள் காலை பரிசோதனைக்குப் போனபோது தாதி கட்டை அவிழ்த்து, மெல்லத் திறக்கச் சொன்னா. சிசிலி முதலில் சுவரைப் பார்த்தா, யன்னலைப் பார்த்தா, தாதியின் பெயரட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தா. பிறகு பக்கத்தில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தா. கிட்ட வரச் சொல்லி, நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினா.

"என்ன பிள்ளை இது," என்றா. "உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சது? கண்ணுக்குக் கீழ இப்பிடிக் கறுத்துக் கிடக்குது. நித்திரை கொள்ளுறேல்லையோ?"

பிரியந்தி நல்லாயிருக்கிறன் என்று சொல்ல வாயெடுத்தாள். தாய் நாடியை விடவில்லை. அவள் பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"இல்லையம்மா," என்றாள். "ஒரு வருசமாய் நித்திரை சரியாய் வாறேல்ல."